கடல் தண்ணீரில் மிளகு ஏது?

இப்போதெல்லாம் வழியில் எது எழுதியிருந்தாலும் நின்று படித்துவிட்டுத்தான் போகிறேன். கடைப் பலகை, சோப்பு விளம்பரம், பஸ்ஸின் நெற்றி, எதையும் விடுவதில்லை. துறைமுகத் தொழிலாளர் சங்கத்தில் நடக்கும் முதியோர் பள்ளியில் சேர்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்க வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. போன வாரம் ராயபுரத்துக்கு ஒரு வேலையாகப் போனபோது மாதா கோயில் வாசலில் ஒரு கரும்பலகை இருந்தது. சாக்கட்டியால் எழுதியிருந்தார்கள். முதல் வரியில் 'அந்தோணிமுத்து' என்று கூட்டிப் படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். எனக்குத் தெரிந்த ஒரு மனிதரின் பெயரை எழுத்தில் நானே படித்தது அதுதான் முதல் தடவை. "அட, நம்ம அண்ணாச்சி!" என்று வாய்விட்டே சொன்னேன். அடுத்த வரி 'திருவொற்றியூர் பட்டறை' என்று இருந்தது. அவரேதான். மூன்றாவது வரிக்கு வந்து சேர எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவருடைய அடக்கப் பூசை முந்தின நாள் மாலையே முடிந்துவிட்டது என்று அதில் எழுதியிருந்தது.

பக்கத்தில் பூ விற்கும் அம்மாள், "இன்னா பெரியவரே, நின்னுகினே கீற? ஒறவா?" என்று கேட்டாள். உறவு இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை, உறவு என்று சொல்லவும் முடியவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அவரை அறிந்தவர்கள் ராயபுரத்து இரும்புக் கடைகளிலும் திருவொற்றியூர்ப் பட்டறைகளிலும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பகல் போய்விடுகிறது. அவருடைய பூசைக்குத்தான் போக முடியவில்லை, இதையாவது முடிக்க வேண்டும்.

வயதில் அவர் என்னைவிட இளையவர். இருந்தாலும் தெற்கேயிருந்து வந்து கடை வைத்தவர்கள் எல்லோரும் நம் பக்கத்தில் அண்ணாச்சிதானே. நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னைக் கோவிந்தண்ணே என்பார். பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். சிலர் அவரை முசுடு என்பார்கள். எனக்கு அவர் எப்போதும் களைத்த மனிதராகத்தான் தெரிந்தார். காலையில் கடை திறக்கும்போதே சாயங்காலத்து முகம் இருக்கும். "ஒடம்புக்கு இன்னா அண்ணாச்சி?" என்று கேட்டால், "களைப்பு வந்தா வந்துட்டுப் போவுது. அதுக்குன்னு ஒரு நாற்காலி போட்டுக் குடுக்க முடியுமாண்ணே?" என்பார். கேட்டவர் சிரிப்பார். அவர் சிரிக்க மாட்டார்.

யுத்தத்துக்கு முன்னால் அவர் கடையில் இருந்த போல்ட், நட்டு, திருகாணி எல்லாமே சீமைச் சரக்கு. கப்பலில் வரும். நான் அப்போது துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். அவருடைய பெட்டிகளை என் தோளில்தான் வண்டி ஏற்றியிருக்கிறேன். யுத்தம் வந்ததும் கப்பலில் ஆணி வருவது நின்றுபோயிற்று. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியாகிக்கொண்டிருந்த அந்த நாட்களில் அண்ணாச்சி எங்கும் போகவில்லை. வளைந்த பழைய போல்ட்டுகளை வாங்கி நிமிர்த்தி விற்றார். அந்த வேலைக்காகத் திருவொற்றியூரில் ஒரு கொட்டகை போட்டார். அதுதான் பிறகு பட்டறை ஆயிற்று. வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் கடற்கரைக் குப்பத்துப் பெண்கள். மீன் விற்கப் போனவர்கள், கடலில் புருஷனைப் பறிகொடுத்தவர்கள். அவர்களுக்கெல்லாம் தலைவி மாதிரி இருந்தவள் அஞ்சலை. மூட்டை தூக்கி எனக்கு முதுகு போன பிறகு என்னையும் அங்கே சேர்த்துக்கொண்டார். சரக்கு அனுப்புகிற மரப்பெட்டிகளை அடிப்பது என் வேலை.

அந்தச் சமயத்தில் ஆவடி முகாமில் ஆப்பிரிக்கா சோல்ஜர்கள் இருந்தார்கள். பர்மாவில் சண்டை முடிந்து, ஊருக்குப் போகக் கப்பலுக்குக் காத்திருந்தவர்கள். அவர்களில் க்வேசி என்று ஒருவர் அடிக்கடி கடைக்கு வருவார். ஊரில் தச்சு வேலை செய்தவராம். கூரைத் தகடு மாட்டுகிற கொக்கி போல்ட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அவருடைய நாடு ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கிற கோல்ட் கோஸ்ட். கோக்கோ விற்ற காசில் அங்கே எல்லோரும் தகரக் கூரை போடுகிறார்கள், போல்ட்டுதான் கிடைப்பதில்லை என்பார். தக்கோராடி என்ற துறைமுகத்தில் தன் அக்கா பெரிய வியாபாரி என்றும் சொல்வார். யாரோ பொழுது போகாமல் பேசுகிறார் என்று நான் நினைத்தேன். அண்ணாச்சி அப்படி நினைக்கவில்லை. க்வேசி ஊருக்குப் போன பின்னும் இருவருக்கும் கடிதம் போய் வந்துகொண்டிருந்தது.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் கழித்துப் பட்டறை தள்ளாட ஆரம்பித்தது. சீமைச் சரக்கு மறுபடியும் கப்பலில் வந்தது. நாங்கள் அடித்த போல்ட்டை வாங்க ஆள் இல்லை. ஒரு நாள் அண்ணாச்சி எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். "தக்கோராடியில இருந்து ஆர்டர் வந்திருக்கு. க்வேசியோட அக்கா பெட்டியத் திறந்து பாத்துத்தான் சரக்க எடுக்கும். எடுத்துட்டா பட்டறை நிக்கும். வேண்டாம்னு சொல்லிட்டா, திரும்பி வந்து கதவ அடைச்சிருவேன். மறைக்க ஒண்ணுமில்ல." பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அஞ்சலை மட்டும், "எடுத்துக்கும் நைனா. நம்ம சரக்குக்கு இன்னா கொறச்சல்?" என்றாள்.

அன்று முதல் எல்லோரும் பேயாக உழைத்தார்கள். பெட்டி நிரப்பி முடிந்து மூடி அடிக்கிற நாளில், "கொஞ்சம் இரு கோவிந்தண்ணா, சாமி கும்பிட்டுக்கறோம்" என்று பெண்கள் என்னை டீ குடிக்க அனுப்பிவிட்டார்கள். நான் திரும்பி வந்தபோது அவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அண்ணாச்சி தனியாகப் பெட்டிகளின் நடுவே நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "அடிங்கண்ணே" என்றார். அடித்தேன்.

சரக்கோடு தாமே போவது என்று அண்ணாச்சி முடிவு செய்தார். பெட்டியைச் சேதம் இல்லாமல் திறக்கவும் மூடவும் ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிப்போனார். கொழும்பு போய், ஆப்பிரிக்காவின் தெற்கு முனையைச் சுற்றிப் போகிற சரக்குக் கப்பல் அது. நான் கடற்கரையில் பிறந்தவன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணாச்சி குடித்த தண்ணீரையும் வாந்தியெடுத்தார். அந்தக் கப்பலில் டிண்டலாக, அதாவது கப்பலாட்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர் காதர் பாய், நாகூர்க்காரர். சரக்கு அறை மூடிகளின் மேல் தார்ப்பாய் போட்டு, ஆப்பு அடித்து இறுக்குகிற பொறுப்பு அவருடையது. அவர்தான் அண்ணாச்சிக்குச் சுக்குத் தண்ணீர் போட்டுக் கொடுத்து, ஆட்டம் குறைவாக இருக்கிற நடுத்தளத்தில் உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டார். "சரக்கப் பத்திக் கவலப்படாதீங்க. நான் மூடுன மூடியில ஒரு சொட்டு எறங்காது" என்பார். எங்கள் மூவருக்கும் தமிழ் பேச அந்தக் கப்பலில் வேறு ஆள் இல்லை. கரை சேர்வதற்குள் ஒரே தட்டில் சாப்பிடுகிற பழக்கமாகிவிட்டது.

தக்கோராடியில் இறங்கியதும் நான் பார்த்தது நம் துறைமுகத்தைத்தான். அதே கிரேன், அதே வியர்வை, அதே மாதிரி மூட்டையடியில் குனிந்த முதுகுகள். அரிசிக்குப் பதில் கோக்கோ, அவ்வளவுதான். நாங்கள் மலைத்து நின்றபோது ஒரு குரல் கேட்டது. "இன்னா நைனா, நல்லா கீறியா?" திரும்பிப் பார்த்தால் க்வேசி. ஆவடியில் டீக்கடைக்காரனிடம் கற்றுக்கொண்ட பேச்சை அத்தனை வருஷமும் மறக்காமல் வைத்திருந்தார். அண்ணாச்சி அவரைக் கட்டிக்கொண்டார். அந்தப் பயணத்தில் அவர் முகம் மலர்ந்தது அந்த ஒரு தடவைதான்.

பெட்டியைத் திறக்க க்வேசியின் அக்கா எஃபுவா அம்மாள் வந்திருந்தார். நல்ல உயரம், தலையில் சுற்றிய துணி, இடுப்பில் சாவிக் கொத்து. நம் மீன் மார்க்கெட்டில் ஏலம் எடுக்கிற அம்மாக்களின் நடை. முதல் பெட்டியின் மூடியை நான் நெம்பினேன். மேலே போட்டிருந்த வைக்கோல் ஈரமாக இருந்தது. விலக்கினால் போல்ட்டெல்லாம் செங்கல் நிறம். அடுத்த பெட்டியும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. நட்டைப் பிடித்துத் திருகினால் அசையவில்லை. அந்த அம்மாள் கையில் எடுத்ததை மறுபடி பெட்டிக்குள் போட்டுவிட்டு, துருவைத் தம் துணியில் துடைத்துக்கொண்டார். க்வேசி மெதுவாகச் சொன்னார். "அக்கா சொல்லுது, இத்த கூரையில போட்டா மய வந்ததும் அக்கா பேரு ஒழுவும். வேணாம்னு சொல்லுது, நைனா."

இன்ஷூரன்ஸ் சர்வேயர் ஒரு வெள்ளைக்காரர். துருவைக் கொஞ்சம் கழுவி ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து, அதில் சின்னப் புட்டியிலிருந்து இரண்டு சொட்டு மருந்து விட்டார். தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. "உப்பு. கடல் தண்ணீர் புகுந்திருக்கிறது. சரக்கு அறை மூடியைச் சரியாக மூடவில்லை. நாளைக்குக் கையெழுத்துப் போடுகிறேன், உங்கள் நஷ்டம் வந்துவிடும்" என்று அவர் சொன்னதாக அண்ணாச்சி எனக்குச் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் காதர் பாயைக் கூப்பிட்டு எங்கள் எதிரிலேயே நிற்க வைத்தார்கள். கப்பல் அதிகாரி கத்தினார். காதர் பாய் ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "பக்கத்துல இருந்த கோணிக் கட்டெல்லாம் காஞ்சு கெடக்கு சார். இது மட்டும் எப்படி நனையும்?" யாரும் காது கொடுக்கவில்லை. கையெழுத்து ஆனதும் அவரைக் கப்பலிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று தெரிந்துவிட்டது. எங்களைத் தாண்டிப் போகும்போது அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சர்வேயர் போன பிறகு நான் மிச்சப் பெட்டிகளையும் திறந்துகொண்டிருந்தேன். ஒன்றில் வைக்கோலுக்கு அடியில் கறுப்புக் கறுப்பாக ஏதோ கிடந்தது. "இன்னா அண்ணாச்சி, எலிப் புழுக்கை கீது. கப்பல்ல எலி பூந்துடுச்சி போல" என்று கையில் அள்ளிக் காட்டினேன். அவர் ஒன்றை எடுத்து நசுக்கி மோந்து பார்த்தார். பிறகு வாயில் போட்டுக் கடித்தார். அவர் முகம் வெளுத்துப்போனது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

"மிளகுண்ணே" என்றார்.

பிறகு அவரே சொன்னார். அந்தோணியார் கோயிலில் நேர்ந்துகொண்டு உப்பும் மிளகும் வாங்கி வந்திருந்தார். அவர்கள் பக்கத்தில் அந்தோணியாருக்கு உப்பு மிளகு போடுவது வழக்கம். மூடி அடிப்பதற்கு முன்னால், ஆள் இல்லாத நேரம் பார்த்து, ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கை போட்டிருக்கிறார். ஒரு கை உப்பு இத்தனை துருவைக் கொண்டுவரும் என்று நான் நம்பவில்லை. பெட்டியின் அடி வரை கையை விட்டுத் துழாவினேன். ஈரத்தில் ஊறிப்போன ஒரு மஞ்சள் கிழங்கு கையில் வந்தது. அதைச் சுற்றி ஒரு துணி, துணியில் கரையாமல் ஒட்டிக்கொண்டிருந்த கல் உப்பு. புது வீட்டுக்குப் போகும்போது முதலில் உப்பும் மஞ்சளும்தானே கொண்டுபோவோம்? என்னை டீ குடிக்க அனுப்பிவிட்டு அஞ்சலையும் மற்றவர்களும் அதைத்தான் செய்திருக்கிறார்கள், அதுவும் தாராளமாக. அவர்கள் வைத்தது அவருக்குத் தெரியாது. அவர் வைத்தது அவர்களுக்குத் தெரியாது. அத்தனை நாள் கடற்காற்றில் உப்பெல்லாம் கசிந்து உருகி, போல்ட்டுகளின் மேல் வழிந்திருக்கிறது.

அண்ணாச்சி ஒரு பெட்டி மூடியின் மேல் உட்கார்ந்தார். நான் மிளகைக் கீழே கொட்டிக் காலால் தேய்த்துவிடப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா பண்ணப் போற அண்ணாச்சி?"

"காலையில அந்த ஆள்கிட்ட சொல்லிருவோம்."

"உனக்கு இன்னா கிறுக்கா? அவனே கடல் தண்ணின்னு சொல்லிட்டான். நாம இன்னா பொய்யா சொன்னோம்? கம்முனு இரு. அங்க அத்தினி பொம்பளைங்க கீது. பட்டறைய மூடிட்டா அதுங்க எங்க போவும்?"

"தெரியுதுண்ணே."

"தெரிஞ்சா கம்முனு இரு."

அவர் என் கையை விட்டுவிட்டு எழுந்தார். பிறகு, "பட்டறை போனா அஞ்சலைக்கு நான் வேற வேலை தேடிக் குடுப்பேன். தெருத் தெருவா அலைஞ்சாவது தேடுவேன். காதர் பாய் பேரு கெட்டுப்போச்சுன்னா, எந்தக் கப்பல்ல போயித் தேடிக் குடுக்க?" என்றார். கையிலிருந்த மிளகை ஒரு காகிதத்தில் மடித்து அவரிடம் கொடுத்தேன்.

மறுநாள் சர்வேயர் பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார். அண்ணாச்சி ஒரு காகிதத்தில் மிளகையும் மஞ்சளையும் வைத்து அவர் முன்னால் தள்ளினார். தமக்குத் தெரிந்த இங்கிலீஷில் பேசினார். என்ன பேசினார் என்று பிறகு எனக்குத் தமிழில் சொன்னார். "ஐயா சொன்னது சரிதான், கடல் உப்புதான். ஆனா அது உங்க கடல் இல்ல. எங்க எண்ணூர்க் கடல். அத்திப்பட்டு உப்பளத்துல விளைஞ்ச உப்பு, நாங்களே போட்டது. கடல் தண்ணியில மிளகு ஏதுங்க?"

சர்வேயர் மிளகையே பார்த்துக்கொண்டிருந்தார். "ருசிக்காகவா போட்டீர்கள்?" என்று கேட்டாராம். அண்ணாச்சி அந்தோணியாரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். வெள்ளைக்காரர் கையை உயர்த்திப் போதும் என்றார். எழுதி வைத்திருந்த காகிதத்தை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். "இதற்கு ஒரு காசும் கிடைக்காது, தெரியுமா?" என்றார். "தெரியும்" என்றார் அண்ணாச்சி. எங்கள் பட்டறை அந்த நிமிஷம் போய்விட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

கப்பல் புறப்படுவதற்கு முன், பழி நீங்கிய காதர் பாய் வந்தார்.  கப்பலில் வேண்டாமென்று கழித்த இரண்டு காலித் தகரப் பீப்பாய்களையும், தச்சன் அறையிலிருந்து ஒரு கோணி நிறைய மரத்தூளையும் எங்கள் பக்கம் உருட்டிவிட்டுப் போய்விட்டார். நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்பது எங்களுக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் அண்ணாச்சி எஃபுவா அம்மாளிடம் போய் நின்றார். துருவைப் போக்கிக் காட்டுகிறேன், எது நன்றாக இருக்கிறதோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அந்த அம்மாள் மிளகு விஷயத்தை அதற்குள் கேள்விப்பட்டிருந்தார். துறைமுகம் முழுக்க அதுதான் பேச்சு. இடுப்பில் கை வைத்துச் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். க்வேசி அதைச் சொன்னார். "அக்கா சொல்லுது, எங்காளுங்க புதுப் படகுக்குச் சாராயம் ஊத்துவாங்க, நீங்க ஆணிக்கு மொளகு போடறீங்க. எல்லாம் ஒரே கேசுதான். ஆனா நட்டு வெரல்ல சுத்தணும். சுத்தலைன்னா வேணாம்."

பிறகு நடந்ததை எழுதக் கையே வலிக்கிறது. பீப்பாயில் போல்ட்டைப் போட்டு, கடற்கரை மணலும் மரத்தூளும் கலந்து, மூடியைக் கட்டிக் கரையில் உருட்ட வேண்டும். அந்தக் கோடி வரை உருட்டி, இந்தக் கோடி வரை திரும்ப உருட்டி, கொட்டி, சல்லடையில் சலித்து, துணியால் துடைத்து, செம்பனை எண்ணெயில் முக்கி எடுக்க வேண்டும். நட்டை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்க்க வேண்டும். சுற்றாதது மறுபடி பீப்பாய்க்குப் போகும். கரையில் வலை காயப் போட்டிருந்த மீனவர்கள் எங்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். எந்த ஊரில் எவன் பீப்பாயை உருட்டுவதை வேலையாகச் செய்கிறான்? வெயிலும் மழையும் மாறி மாறி வந்தன. அண்ணாச்சி பனியனோடு ஒரு பக்கம் தள்ளுவார், நான் ஒரு பக்கம். சாப்பாடு இறங்காது. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது.

"இன்னும் எத்தினி பொட்டி கீது அண்ணாச்சி?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எண்ணாதீங்கண்ணே. எண்ணுனா ஊருக்குப் போகணும்னு தோணும்."

"எனக்கு இப்பவே தோணுது."

"எனக்கு ஏறுன அன்னைக்கே தோணிச்சு" என்றார். இருவரும் மணலில் உட்கார்ந்து சிரித்தோம். சிரித்து முடித்ததும் எழுந்து உருட்டினோம்.

அப்புறம் ஒரு காலையில், சிரித்துக்கொண்டிருந்த மீனவர்களில் ஒருவர் வந்து என்னை ஓரமாக நகர்த்திவிட்டுத் தம் கையைப் பீப்பாயில் வைத்தார். பிறகு இன்னும் இருவர் வந்தார்கள். எதற்கு வந்தார்கள் என்று கேட்க எங்களுக்கு மொழி இல்லை. மத்தியானம் வரை தள்ளிவிட்டு வலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

எஃபுவா அம்மாள் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து சரக்கைப் பார்த்தார். நட்டு விரலில் சுற்றினால் வலப்பக்கம், இல்லையென்றால் இடப்பக்கம். அண்ணாச்சி எதிரில் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. இடப்பக்கக் குவியலும் பெரிதாகத்தான் இருந்தது. கடைசியில் அந்த அம்மாள் எழுந்து வலப்பக்கக் குவியலைக் காலால் தட்டி, "இது என்னுடையது" என்கிற மாதிரி தலையை ஆட்டினார். பாதிக்கு மேல் தேறிவிட்டது. அடுத்த வருஷத்துக்கு மறுபடி வேண்டும் என்றும் சொன்னார். அதற்கு முன் விரலை ஆட்டி, "நோ பெப்பர்" என்றார். அது எனக்கே புரிந்தது.

திருவொற்றியூருக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது பட்டறை வாசலில் எல்லாப் பெண்களும் நின்றார்கள். இரண்டு பேருமே பாதியாக இளைத்துப்போயிருந்தோம். எங்களைப் பார்த்ததும் கதவை மூடப்போகிறார் என்றே முடிவு செய்துவிட்டார்கள். அண்ணாச்சி நடந்ததை அப்படியே சொன்னார். மஞ்சள் கிழங்கு கிடைத்ததைச் சொன்னதும் அஞ்சலை முன்னால் வந்தாள். "நாந்தான் நைனா சொல்லி வச்சேன். இதுங்க பேர்ல ஒண்ணுமில்ல. வேலைய விட்டு நிறுத்தறதுன்னா என்னியே நிறுத்து" என்றாள். தலை குனியவில்லை.

"என் உப்பும் அதுல கெடந்துச்சு அஞ்சலை. எந்த உப்பு பிடிச்ச துரு எதுன்னு பிரிச்சுப் பாக்கவா முடியும்?" என்றார் அண்ணாச்சி.

அஞ்சலைக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "அப்போ ரெண்டு சாமியும் சேந்து செஞ்ச வேலைன்னு சொல்லு" என்றாள். பட்டறையே சிரித்தது. அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். "இனிமே பொட்டிக்குள்ள எந்தச் சாமியும் வேண்டாம். வெளிய நின்னு கும்பிடுங்க, நானும் வெளியவே நிக்கேன்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்ப் படுத்தார். மறுநாள் மத்தியானம்தான் எழுந்தார்.

பட்டறை நின்றது. அதைப் பெரிதாக வளர்த்தார் என்றெல்லாம் நான் எழுத மாட்டேன். ஓட்டமும் இல்லை, மூடலும் இல்லை, இழுத்துக்கொண்டே போயிற்று. தக்கோராடிக்கு வருஷா வருஷம் சரக்குப் போனது. அந்த நாட்டுக்கு இப்போது சுதந்திரம் வந்து, பெயரையும் மாற்றிவிட்டார்கள். நான் அப்போது வேலையிலிருந்து நின்றிருந்தேன். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் நானே எழுத்துக் கூட்டிப் படித்து, அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது. "நீங்களா படிச்சீங்க?" என்று இரண்டு தடவை கேட்டார். "எஃபுவா அம்மாவுக்கு இனி வரியெல்லாம் குறையுமா, என்னன்னு தெரியல" என்றார். பிறகு, "உக்காருங்கண்ணே" என்று தம் பக்கத்தில் இடம் ஒதுக்கினார்.  பட்டறையில் சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டார்.

பலகையைப் படித்த மறுநாள் பட்டறைக்குப் போனேன். எனக்குச் சொல்லியனுப்ப ஆள் கிடைக்கவில்லை என்றாள் அஞ்சலை. அவள் கையிலிருந்த போல்ட்டைக் கீழே வைக்காமல் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெட்டியை நிரப்பி முடித்தாள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். பொருள் என்று ஒன்றும் இல்லை. தக்கோராடிக் கரையில் பீப்பாய் தள்ளியதில் என் வலது தோள் விட்டுப்போனது. மழைக்காலம் வந்தால் கையைத் தூக்க முடியாது. மருமகள் தைலத்தைக் காய்ச்சிக்கொண்டு வந்து, "யாரால வந்துச்சோ அவங்களத் திட்டு மாமா, கொஞ்சம் ஆறும்" என்கிறாள். வாழ்நாளெல்லாம் மூட்டை தூக்கியதில் என் உடம்பில் எத்தனையோ வலிகள் சேர்ந்துவிட்டன. அவையெல்லாம் யாருடைய மூட்டைக்காக வந்தவை என்று எனக்குத் தெரியாது. இந்த ஒரு வலி மட்டும் யாரோடு நின்று, எதற்காகப் பட்டது என்று எனக்குத் தெரியும். தைலத்தை வாங்கித் தடவிக்கொள்கிறேன். திட்ட மட்டும் மாட்டேன்.